குளிர் வருமுன் தோட்டத்தை எப்போது மூடுவது?

செப்டம்பர் 27

ஒருவர் கேட்டிருக்கிறார்: "இலை பழுக்க ஆரம்பித்துவிட்டது. போன குளிரில் பாதிச் செடி போய்விட்டதால் இந்த வருடம் முந்திக்கொண்டேன். ரோஜா, ஸ்ட்ராபெரி, புதிதாக நட்ட ஆப்பிள் கன்று எல்லாவற்றுக்கும் அடியில் வைக்கோலைக் கனமாகப் போட்டாயிற்று. ஈரம் இருந்தால் வேர் உறைந்துவிடும் என்று தண்ணீரையும் நிறுத்திவிட்டேன். வேறு ஏதாவது விட்டுப்போயிற்றா?"

வைக்கோலை எடுத்துவிடுங்கள். நாளைக் காலையே தண்ணீர் ஊற்றுங்கள். இரண்டுமே தலைகீழாக நடந்திருக்கிறது.

பகல் குறுகுவதும் இரவு கொஞ்சம் கொஞ்சமாகக் குளிர்வதும்தான் செடிக்கு வரும் அறிவிப்பு. அதைக் கேட்டுத்தான் அது வளர்ச்சியை நிறுத்துகிறது, செல்லுக்குள் சர்க்கரையைச் சேர்க்கிறது, தண்ணீரில் ஒரு பகுதியைச் செல்லுக்கு வெளியே தள்ளுகிறது. வெளியே தள்ளிய தண்ணீர் உறைந்தாலும் செல் கிழியாது. இதற்குப் பல வாரம் ஆகும். செப்டம்பரிலேயே மெத்தை போட்டால் மண் சூடாகவே கிடக்கும், செடியும் தூங்கப் போகாது. அதற்குள் எலி குடும்பத்தோடு வைக்கோலில் குடியேறிவிடும். எலியைப் பற்றி எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது, பிறகு எழுதுகிறேன்.

செப்டம்பர் 28

நேற்று அவசரத்தில் தண்ணீருக்குக் காரணம் சொல்லாமல் விட்டுவிட்டேன். இந்த விஷயத்தில் நான் பிடிவாதக்காரன் என்பதால் கொஞ்சம் விரித்தே சொல்கிறேன்.

குளிரில் செத்தது என்று நாம் பிடுங்கிப் போடும் செடிகளில் பல தாகத்தில் செத்தவை. ஊசியிலை மரங்களையும் இலை உதிர்க்காத புதர்களையும் பாருங்கள். குளிர்காலத்திலும் வெயிலும் காற்றும் பட்டால் இலை வழியாகத் தண்ணீர் போய்க்கொண்டே இருக்கும். மண் உறைந்து கிடப்பதால் வேரால் ஈடுகட்ட முடியாது. மார்ச்சில் ஒரு பக்கம் மட்டும் செம்பு நிறத்தில் கருகி நிற்கும் மரம் தெரியுமா? பெரும்பாலும் அது காற்றும் வெயிலும் அடித்த பக்கம்.

அதனால் மண் உறையும் வரை தண்ணீர் வேண்டும். தினமும் தெளிக்கத் தேவையில்லை. மழை இல்லாவிட்டால் வாரம் ஒரு முறை, ஒரு சாண் ஆழத்துக்காவது இறங்குகிற மாதிரி மெதுவாக விடுங்கள். இந்த வருடம் நட்ட கன்றுகளுக்கு முதலில். ஈரமண் காய்ந்த மண்ணைவிட அதிக வெப்பத்தைப் பிடித்து வைக்கும், இரவில் மெதுவாக விடும். ஈரம் இருந்தால் வேர் உறையும் என்ற பயத்தை விட்டுவிடுங்கள். தண்ணீர் தேங்கி நிற்கிற மண் மட்டும்தான் கெடுதல். தேங்கினால் வேர் அழுகும், அது வேறு வியாதி.

அக்டோபர் 2

பனி என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டு நாம் படும் பாடு பெரும்பாடு. விடிகாலையில் புல்லில் நிற்கும் துளியும் பனி, வானத்திலிருந்து பஞ்சாக விழுவதும் பனி, இலை மேல் வெள்ளையாகப் பூத்து அதைக் கருக்குவதும் பனி. தோட்டக்காரருக்கு இந்த மூன்றும் மூன்று உலகம். இங்கே இலையைக் கருக்குவதை உறைபனி என்றும், வானத்திலிருந்து விழுவதைப் பனிப்பொழிவு என்றும் சொல்கிறேன்.

முதல் உறைபனியைப் பிடிக்க வானிலை அறிவிப்பு மட்டும் போதாது. இரண்டு வருடம் முன்பு ஓர் இரவு 3 டிகிரி என்று சொன்னார்கள். நானும் நிம்மதியாகப் படுத்துவிட்டேன். காலையில் துளசியும் வெள்ளரியும் வேகவைத்த கீரை மாதிரி தொங்கின. மகள் ஒரு தெர்மாமீட்டரைப் புல் மேலும் இன்னொன்றைச் சுவரில் தலை உயரத்திலும் வைத்துப் பார்த்தாள். அடுத்த தெளிந்த இரவில் "அப்பா, மேல மூணு, கீழ மைனஸ் ஒண்ணு!" என்று டார்ச்சோடு ஓடி வந்தாள். அறிவிப்பில் சொல்வது தலை உயரத்துக் காற்று. மேகமும் காற்றும் இல்லாத இரவில் தரை தன் சூட்டை வானத்துக்கு விட்டுவிடுகிறது. தரையை ஒட்டிய காற்று குளிர்ந்து கனத்து, பள்ளத்தில் தண்ணீர் மாதிரி தேங்குகிறது. என் தோட்டத்தில் கீழ் மூலை எப்போதும் ஒரு வாரம் முந்தியே வெளுக்கும்.

அப்படி ஓர் இரவு வந்தால் இருட்டுவதற்கு முன்பே பழைய போர்வையால் மூடுங்கள். போர்வை தரை வரை தொங்க வேண்டும், ஏனென்றால் சூடு மண்ணிலிருந்துதான் வருகிறது. தண்டைச் சுற்றிக் கட்டிவிட்டால் அது வெறும் குடை. பிளாஸ்டிக் விரிப்பு இலையில் பட்டால் பட்ட இடம் கருகும். காலையில் கழற்ற மறக்காதீர்கள்.

அக்டோபர் 5

தக்காளி பற்றி ஒரு வரி. உறைபனிக்கு முன்பே பச்சைக் காய்களைப் பறித்துவிடுங்கள். வெளிர்பச்சையாகப் பளபளப்பவை வீட்டுக்குள் பழுக்கும், வெயிலே தேவையில்லை. கேரட்டையும் பரட்டைக்கீரையையும் அவசரப்பட்டு எடுக்காதீர்கள். இரண்டு உறைபனி பட்டால்தான் அவற்றில் சர்க்கரை ஏறும்.

அக்டோபர் 9

சருகு. இந்த ஒன்றில்தான் எனக்கு ஆண்டுக்கு ஆண்டு மனசு மாறிக்கொண்டே வந்திருக்கிறது.

முதல் இரண்டு வருடம் ஒரு இலை விடாமல் வாரி மூட்டை கட்டி வெளியே வைத்தேன். பிறகு வசந்தத்தில் அதே மண்ணுக்கு உரம் தேடி அலைந்தேன். மூன்றாவது வருடம் எதையும் வாராமல் அப்படியே விட்டேன். நனைந்த பெரிய இலைகள் புல் மேல் தோல் மாதிரி ஒட்டிக்கொண்டன. பனி உருகியபோது அடியில் புல் செத்து, சாம்பல் நிறப் பூஞ்சை வட்டவட்டமாகப் படர்ந்திருந்தது.

இப்போது செய்வது இது. இலை மெல்லியதாகக் கிடக்கும்போது புல்வெட்டும் இயந்திரத்தை அதன் மேலேயே இரண்டு முறை ஓட்டுகிறேன். சில்லுசில்லாகி புல்லுக்கு இடையில் இறங்கிவிடும், வசந்தத்துக்குள் பாதி காணாமல் போகும். குனிந்து பார்த்தால் புல் நன்றாகத் தெரிய வேண்டும், அதுதான் கணக்கு. மீதியைக் கம்பிவலைக் கூண்டில் கொட்டி, நனைத்து, மிதித்து விடுகிறேன். ஓரிரு வருடத்தில் கறுப்பாக, காட்டு வாசனையோடு இலைமட்கு கிடைக்கும். அதில் சத்து பெரிதாக இல்லை, ஆனால் ஈரம் பிடிப்பதில் அதை அடித்துக்கொள்ள ஆளில்லை. நன்றாகத் தூளான சருகில் ஒரு பங்கைச் சாக்கில் காய வைத்து எடுத்து வையுங்கள், நவம்பரில் வேலை இருக்கிறது.

புதருக்கு அடியில் கிடக்கும் சருகை நான் தொடுவதே இல்லை. பட்டாம்பூச்சிக் கூடும் மின்மினிப் புழுவும் அங்கேதான் குளிரைக் கழிக்கின்றன. காய்ந்த பூந்தண்டுகளையும் வெட்டுவதில்லை. உள்ளே துளையுள்ள தண்டில் சிறு தேனீக்கள் இருக்கும், விதைத்தலைக்குக் குருவிகள் வரும்.

அக்டோபர் 10

நேற்று எழுதியதில் ஒரு திருத்தம், அதுவும் முக்கியமானது. எல்லாச் சருகும் நல்ல சருகு இல்லை. ஆப்பிள் இலையில் கரும்புள்ளி விழுந்திருந்தால் அந்த இலையை வாரி அப்புறப்படுத்த வேண்டும். ஆப்பிள் சொறிநோய்ப் பூஞ்சை உதிர்ந்த இலையில்தான் குளிரைக் கழித்து, வசந்த மழையில் புது இலைக்கு ஏறும். கிளையிலேயே சுருங்கித் தொங்கும் கனிகளும் அப்படித்தான், ஒன்று விடாமல் பறித்துப் போடுங்கள். கருகல் வந்த தக்காளிக் கொடியை மட்குக் குழியில் சேர்க்காதீர்கள். வீட்டு மட்குக் குவியல் நோயைக் கொல்லும் அளவுக்குச் சூடாகாது.

அக்டோபர் 14

கவாத்து பண்ணலாமா என்று மறுபடி கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். கத்தரி கையில் இருந்தால் கை சும்மா இருக்காது, எனக்கும் தெரியும். இப்போது வெட்டினால் ஒன்று, செடி புதுத் தளிர் விட்டு முதல் உறைபனியிலேயே அதை இழக்கும். இன்னொன்று, குளிரில் காயம் ஆறாது. லைலாக் போல வசந்தத்தில் பூப்பவை அடுத்த வருடத்துப் பூமொட்டை இந்தக் கோடையிலேயே கட்டிவிட்டன. இப்போது வெட்டுவது பூவையே வெட்டுவது. முறிந்த கிளை, செத்த கிளை, நோய் வந்த கிளை, இவை மட்டும் போகலாம். ரோஜாவில் காற்றுக்கு ஆடி வேரை அசைக்கும் நீளக் கிளைகளைக் கொஞ்சம் குறைக்கலாம், அதற்கு மேல் கை வைக்காதீர்கள். தழைச்சத்து உரமும் இனி கூடாது.

அக்டோபர் 19

கிழங்கு வாரம். சிலதைத் தோண்டி எடுக்க வேண்டும், சிலதைப் புதைக்க வேண்டும், கைக்கு ஓய்வே இல்லை.

டாலியா இலை உறைபனியில் கறுத்த பிறகுதான் தோண்ட வேண்டும். மண்ணை உதறி, தலைகீழாக ஓரிரு நாள் ஆற விட்டு, லேசாக ஈரமுள்ள மரத்தூளில் புதைத்து, 4 முதல் 10 டிகிரி வரை இருக்கும் இருட்டு அறையில் வையுங்கள். நான் ஒரு வருடம் பிளாஸ்டிக் பையில் கட்டி வைத்தேன். ஜனவரியில் பையைப் பிரித்தபோது உள்ளே வெறும் கூழ். கழுத்து முறிந்த கிழங்கையும் சேர்த்து வைக்காதீர்கள். கண் அந்தத் தண்டடியில்தான் இருக்கிறது. கிழங்கு எவ்வளவு கொழுத்திருந்தாலும் கண் இல்லாவிட்டால் முளைக்காது.

டியூலிப் நேரெதிர். அதற்குக் குளிர் வேண்டும், மூன்று மாதத்துக்குக் குறையாமல். கிழங்கின் உயரத்தைப் போல மூன்று மடங்கு ஆழத்தில், கூர் மேலே இருக்க நடுங்கள். மண் நன்றாகக் குளிர்ந்த பிறகு நடுவதே நல்லது. பூண்டும் இப்போதுதான், மண் உறைய நாலைந்து வாரம் இருக்கும்போது. பெரிய பற்களை நட்டால் பெரிய பூண்டு வரும். சமையலுக்குப் பெரியதை எடுத்துக்கொண்டு சின்னதை நடும் பழக்கத்தை மட்டும் விட்டுவிடுங்கள்.

அக்டோபர் 26

குழாய். இதைப் படித்துவிட்டு எழுந்துபோய் உங்கள் வெளிக்குழாயைப் பார்த்துவிட்டு வாருங்கள், மற்றதைப் பிறகு படிக்கலாம்.

தண்ணீர் உறையும்போது ஏறக்குறைய 9 சதவீதம் பெருக்கும். மூடிய குழாய்க்குள் பெருக்க இடம் ஏது? எங்கள் முதல் குளிர்காலத்தில் தோட்டத்துக் குழாயில் ஹோஸை மாட்டியபடியே விட்டுவிட்டோம். உறைந்தபோது ஒன்றும் தெரியவில்லை. பித்தளைக் குழாய் சுவருக்குள் விரல் நீளத்துக்கு வெடித்திருக்கிறது, ஆனால் பனிக்கட்டியே அடைப்பாக நின்றதால் ஒரு சொட்டு வெளியே வரவில்லை. ஏப்ரலில் செடிக்குத் தண்ணீர் விடலாம் என்று திருகினேன். வெளியே மெல்லிய தாரைதான் வந்தது. ஹோஸ் மடங்கியிருக்கிறது என்று நினைத்து நீவிக்கொண்டே இருந்தேன். உள்ளேயிருந்து மனைவி போட்ட சத்தத்தில்தான் விஷயம் புரிந்தது. தண்ணீர் முழுக்கச் சுவருக்குள் இறங்கி, கீழ் அறையில் தரைவிரிப்பு மிதந்துகொண்டிருந்தது.

செய்ய வேண்டியது பத்து நிமிட வேலை. ஹோஸைக் கழற்றுங்கள். வீட்டுக்குள் அந்தக் குழாய்க்குப் போகும் வால்வை மூடுங்கள். பிறகு வெளிக்குழாயைத் திறந்து வையுங்கள், உள்ளே நிற்பது வடியட்டும். வால்வின் பக்கத்தில் சின்ன வடிகால் மூடி இருந்தால் அதையும் திறந்து ஒரு கிண்ணத்தில் பிடியுங்கள். ஹோஸை ஒரு முனையிலிருந்து தோளுக்கு மேல் தூக்கிக்கொண்டே நடந்தால் மிச்சத் தண்ணீர் மறுமுனையில் கொட்டிவிடும். மழைநீர்ப் பீப்பாய், பூவாளி எல்லாவற்றையும் கவிழ்த்து வையுங்கள்.

அக்டோபர் 27

"எங்களுடையது உறையாத வகைக் குழாய், அதற்கும் இதெல்லாம் வேண்டுமா?" வேண்டும். அந்த வகையில் தண்ணீரை நிறுத்தும் வால்வு சுவரின் உட்புறம், சூடான இடத்தில் இருக்கும். மூடியதும் நீண்ட கழுத்தில் நிற்கும் தண்ணீர் தானாக வெளியே வடிந்துவிடும். ஹோஸ் மாட்டியிருந்தால் வடிய வழி இல்லை, கழுத்து நிறைந்தபடியே உறையும். எங்களுடையதும் அந்த வகைதான். நேற்று அதைச் சொல்லாமல் விட்டது என் தவறு.

சொட்டுநீர்க் குழாய் வைத்திருப்பவர்கள் கடைசி முனை மூடிகளைக் கழற்றி வடிய விடுங்கள். வடிகட்டியையும் நேரக்கருவியையும் கழற்றி வீட்டுக்குள் கொண்டு போங்கள், அவைதான் முதலில் விரிசல் விடும்.

நவம்பர் 3

எலியைப் பற்றி எழுதுகிறேன் என்றேன்.

ஐந்து வருடமாக வளர்த்த ஆப்பிள் மரம். இரண்டாவது பூ பூத்துக் காய்த்திருந்தது. பனி உருகிய ஒரு மார்ச் காலையில் அதன் அடிமரத்தில் வெள்ளையாக ஏதோ மின்னியது. கிட்டே போனேன். தரையிலிருந்து ஒன்றரைச் சாண் உயரத்துக்குப் பட்டையே இல்லை. உரித்த கரும்பு மாதிரி இருந்தது, சுற்றிலும். விரலால் தடவினால் சின்னச் சின்னப் பள்ளம், வரிவரியாக, ஒவ்வொன்றும் ஓர் அரிசி அகலம்கூட இல்லை. பல் தடம். பனிக்கு அடியில் வயல் எலிகள் குகை போட்டு, குளிர் முழுக்க உட்கார்ந்து தின்றிருக்கின்றன. பக்கத்தில் நான் போட்ட வைக்கோல் மெத்தையில் அவற்றின் கூடு, உருண்டையாக, இன்னும் காய்ந்த கதகதப்போடு இருந்தது. உங்கள் வைக்கோலைப் பார்த்ததும் எனக்கு ஏன் பதறியது என்று இப்போது தெரியும்.

அந்த மரம் ஏப்ரலில் துளிர்த்தது, பூத்தும் விட்டது. பிழைத்துவிட்டது என்று நம்பினேன். இலை தயாரிக்கும் உணவு பட்டை வழியாகத்தான் வேருக்கு இறங்க வேண்டும். சுற்றிலும் அறுந்துவிட்டால் வேர் பட்டினி கிடக்கும், சேமிப்பு தீரும் வரைதான் உயிர். ஆகஸ்டில் இலை வாடியது. அதற்குப் பிறகு அந்த இடத்தில் வேறு மரம் வைக்க எனக்கு மனசு வரவில்லை.

ஆகவே கம்பிவலை. கண் அளவு 6 மில்லிமீட்டர், அதற்கு மேல் போனால் குட்டி எலி நுழையும். அடிமரத்தைச் சுற்றி, பட்டையில் படாமல் இடைவெளி விட்டு உருளையாக நிறுத்துங்கள். கீழே 5 சென்டிமீட்டராவது மண்ணுக்குள் போகட்டும். மேலே பனி எவ்வளவு குவியுமோ அதையும் தாண்ட வேண்டும், முயல் பனி மேல் நின்றுகொண்டு எட்டித் தின்னும். சுற்றிலும் புல்லை ஒட்ட வெட்டிவிடுங்கள். மறைவு இல்லாத இடத்துக்கு எலி வரத் தயங்கும்.

நவம்பர் 4

கம்பிவலையோடு சேர்த்து இன்னொன்று. இளம் மரத்தின் அடிமரத்தில் வெள்ளைக் காப்புச் சுருளும் சுற்றுங்கள். குளிர்கால மத்தியான வெயில் பட்டையைச் சூடாக்கித் தூக்கத்திலிருந்து எழுப்பிவிடும், சூரியன் இறங்கியதும் சட்டென உறைந்து பட்டை நெடுக வெடிக்கும். வடகோளத்தில் இது பெரும்பாலும் தென்மேற்குப் பக்கம் வரும். வெள்ளை நிறம் வெயிலைத் திருப்பிவிடும். வசந்தத்தில் கழற்ற வேண்டும், விட்டால் உள்ளே பூச்சியும் ஈரமும் தங்கும்.

நவம்பர் 12

தொட்டிச் செடி. வேருக்குத் தண்டு அளவு குளிர் தாங்கும் சக்தி கிடையாது. தரையில் இருந்தால் பூமி காப்பாற்றும், தொட்டியில் நான்கு பக்கமும் குளிர். தொட்டியோடு மண்ணில் புதைக்கலாம், அல்லது சுவரோரம் நெருக்கி வைத்துச் சுற்றிலும் சருகுச் சாக்கை அடுக்கலாம். சுட்ட மண்தொட்டி ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொண்டு உறையும்போது விள்ளும். காலியாக்கி உள்ளே வையுங்கள்.

நவம்பர் 21

இன்று காலை மண்வெட்டி இறங்கவில்லை. மேல் மண் பாறை மாதிரி இறுகிவிட்டது. இப்போது மூடுங்கள்! செப்டம்பரில் எடுக்கச் சொன்ன வைக்கோலுக்கு இதுதான் நாள்.

மூடாக்கு செடிக்குச் சூடு தருவதற்கு என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். உறைந்த மண்ணை உறைந்தபடியே வைத்திருப்பதுதான் அதன் வேலை. பகலில் உருகி இரவில் உறைந்து, மறுபடி உருகி மறுபடி உறைந்தால், மண் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் உப்பும். ஆழமில்லாத வேருள்ள செடியை அது மேலே தூக்கிவிடும். வேர் வெளியே வந்து காற்றில் காயும். மறுபடி தாகம்தான்.

ஸ்ட்ராபெரிக்கு நாலு விரல் தடிமனுக்கு வைக்கோல். ஸ்ட்ராபெரியை மட்டும் மண் கல்லாகும் வரை காக்க வைக்க வேண்டாம், நாலைந்து உறைபனி பட்டு இலை தரையோடு படிந்தால் போதும். பூண்டுக்குத் தூளாக்கிய சருகு. ரோஜாவுக்கு ஒட்டுப்பகுதி, அதாவது அடித்தண்டில் ஒட்டுக்கட்டிய இடம், மறைய ஒரு சாண் உயரத்துக்கு வேறு இடத்து மண்ணைக் குவியுங்கள், அதன் அடியிலிருந்தே சுரண்டி எடுத்தால் வேர் வெளியே தெரியும். மரங்களுக்கு மட்டும் அடிமரத்திலிருந்து ஒரு சாண் தள்ளி, வட்டமாக. காரணம் நவம்பர் 3-இல்.

டிசம்பர் 6

முதல் பெரிய பனிப்பொழிவு. பாத்தி மேல் விழுந்த பனியை அள்ளிக் கொட்டாதீர்கள், அதில் முக்கால்வாசிக்கு மேல் காற்றுதான். அதைவிட நல்ல போர்வை நம்மிடம் இல்லை. நடைபாதையில் அள்ளும் சுத்தமான பனியையும் நான் ரோஜாப் பாத்தி மேல்தான் போடுகிறேன். உப்பு தூவிய பனி மட்டும் வேண்டாம், அது மண்ணில் இறங்கி வேரைக் கருக்கும். நடைபாதைக்கு மணல் போதும், வழுக்காது.

ஊசியிலை மரக் கிளை பனியில் வளைந்தால் துடைப்பத்தால் அடியிலிருந்து மேல்நோக்கி மெதுவாகத் தட்டுங்கள். கண்ணாடி மாதிரி ஐஸ் பூசியிருந்தால் தொடவே வேண்டாம், கிளை முறியும். தானாக உருகட்டும்.

மார்ச் 18

கேட்டவர் எழுதியிருக்கிறார், ரோஜாவும் ஆப்பிளும் நலம், ஸ்ட்ராபெரிப் பாத்தியில் ஓரத்து ஆறு செடி மட்டும் தூக்கிக்கொண்டு நிற்கின்றன என்று. அங்கே காற்று வைக்கோலைக் கலைத்திருக்கும். என் பாத்தி ஓரத்திலும் அப்படித்தான். இன்று காலை குனிந்து பார்த்தேன். மண்ணுக்கடியிலிருந்து மெல்லிய பனி ஊசிகள் சீப்புப் பல் மாதிரி வரிசையாக எழும்பி, ஒவ்வொன்றும் தலையில் ஒரு மண்துகளைத் தூக்கிக்கொண்டிருந்தது. நடுவில் ஸ்ட்ராபெரியின் கழுத்து இரண்டு விரல் மேலே.

பிடுங்காதீர்கள். மத்தியானம் மண் இளகியதும் இரண்டு கட்டைவிரலால் மெதுவாக அழுத்தி, சுற்றிலும் மண் அணைத்துத் தண்ணீர் விடுங்கள், பிழைத்துவிடும். மற்றச் செடிகளில் வைக்கோலுக்கு அடியில் வெளிர்மஞ்சளாகத் துளிர் தெரிந்தால் பாதியை விலக்குங்கள். மீதியைப் பாத்தி ஓரத்திலேயே வைத்திருங்கள். பூவெடுக்கும் நேரத்தில் உறைபனி அறிவிப்பு வந்தால் சாயங்காலம் அதையே திரும்ப மேலே இழுத்துவிடலாம்.